துணி வாங்கியபின் வரும் தொல்லைகள்: எந்தத் தொல்லைக்கு லேபிளில் எங்கே பார்ப்பது

புதுத் துணியின் குணம் முதல் சலவையில்தான் தெரியும் என்று பல வீடுகளில் சொல்வார்கள். ஆனால் சுருங்குமா, புழுங்குமா, பிசிறு பிடிக்குமா என்பதற்கான தகவலில் பெரும்பகுதி, கடையில் நிற்கும்போதே அந்த உடைக்குள் தைத்து வைத்திருக்கும் சின்ன நாடாவில் இருக்கிறது. நாம் விலையை மட்டும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

ரெடிமேட் சட்டையை எடுத்துக்கொண்டால் எழுத்து மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று, நூலில் தொங்கும் அட்டை. இரண்டாவது, கழுத்துப் பட்டியில் பிராண்டு பெயரும் சைஸும். மூன்றாவது, உள்பக்கம் பக்கத் தையலோடு சேர்த்துத் தைத்த வெள்ளை நாடா. இந்த மூன்றாவதைத்தான் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். அட்டையில் ‘பிரீமியம் காட்டன்’ என்று தங்க எழுத்தில் இருக்கும். நாடாவில் ‘60% காட்டன், 40% பாலியஸ்டர்’ என்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சதவீதம் போட்டிருப்பதை நம்புங்கள்.

இனி, உங்களுக்கு வந்திருக்கும் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போகலாம்.

ஒரே சலவையில் சுருங்கிவிட்டது

நாடாவில் ‘100% காட்டன்’ என்றிருந்து அது பனியன் துணியாகவும் இருந்தால், சுருங்குவது எதிர்பார்க்க வேண்டியதுதான். பின்னலாடைத் துணி சாயப்பட்டறையிலும் மெஷினிலும் இழுபட்டு வருகிறது. தண்ணீரில் நனைந்ததும் கண்ணிகள் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும். திருப்பூரில் நல்ல கம்பெனிகள் துணியைத் தைப்பதற்கு முன்பே காம்பாக்டிங் போட்டு, சுருங்க வேண்டியதை முன்கூட்டியே சுருக்கிவிடுவார்கள். அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 28 அங்குல நீளமுள்ள டி-ஷர்ட் 5 சதவீதம் சுருங்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போய்விடும். இடுப்புக்குச் சரியாக நின்ற உடை கையைத் தூக்கினால் வயிறு தெரிகிற அளவுக்கு ஆவது இப்படித்தான்.

‘ப்ரீ-ஷ்ரங்க்’ என்று லேபிளில் போட்டிருந்தால் சுருக்கம் குறைவு என்று கொள்ளலாம், அறவே இருக்காது என்று கொள்ளக் கூடாது. நெய்த சட்டைத் துணியில் ‘சான்ஃபரைஸ்டு’ என்று இருந்தால் அது உறுதியான சொல். சான்ஃபோர்ட் க்ளூயெட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறை அது. அதன்படி முறையாகச் செய்த துணியில் சுருக்கம் ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். இரண்டு சொல்லும் இல்லாத காட்டன் டி-ஷர்ட் என்றால், உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற சைஸை எடுக்காதீர்கள்.

ரேயான் குர்தி, ரேயான் நைட்டி சுருங்கியிருந்தால் கதை வேறு. லேபிளில் அது ‘விஸ்கோஸ்’ என்றும் இருக்கும், ‘ரேயான்’ என்றும் இருக்கும். இந்த நார் ஈரத்தில் ஊதிப் பருக்கும். நனைந்திருக்கும்போது அதன் பலம் பாதியாகக் குறைந்துவிடும். பருத்திக்கு நேர் எதிர். பருத்தி நனைந்தால் பலம் கூடும். அதனால் ரேயானை அடித்துத் துவைப்பது, முறுக்கிப் பிழிவது இரண்டும் கூடாது. வெந்நீரும் வேண்டாம். கையால் அலசி, அழுத்தித் தண்ணீரை வடித்து, மடிப்பில்லாமல் விரித்துக் காயப்போட வேண்டும். நாடாவில் ‘விஸ்கோஸ்’ என்று பார்த்ததும் இந்த வேலைக்கு வீட்டில் ஆள் உண்டா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே சுருங்கியது காட்டன் பனியன் துணி என்றால், மறுபடி நனைத்து, ஈரத்தோடு மேசையில் விரித்து நீளவாக்கில் மெதுவாக இழுத்துவிட்டு அப்படியே காயவிட்டால் கொஞ்சம் திரும்பி வரும். கம்பளி வெந்நீரில் சுருங்கிவிட்டால் திரும்பாது. கம்பளி நாரின் மேல் உள்ள செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும்.

டி-ஷர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டது

இதை எந்த லேபிளும் சொல்லாது. நூலில் ஏறியிருக்கும் முறுக்கு சலவையில் தளர்வதால் துணி சுழல்கிறது. கடையிலேயே உடையைத் தோளில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் இப்போதே சாய்ந்திருந்தால் வீட்டில் இன்னும் சாயும். அதற்கு மருந்து கிடையாது.

சாயம் போகிறது

‘வாஷ் செப்பரேட்லி’, ‘வாஷ் டார்க் கலர்ஸ் செப்பரேட்லி’ என்ற வரி நாடாவில் இருந்தால், அது உற்பத்தியாளரே கொடுக்கும் எச்சரிக்கை. கருநீல ஜீன்ஸில் இது இயல்பு. இண்டிகோ சாயம் நூலின் மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கும். சாதாரண காட்டன் சுடிதாரில் இந்த வரியைப் பார்த்தால், துப்பட்டா வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு டாப்ஸும் வெள்ளைத் துப்பட்டாவும் தனித்தனியாகவே காலம் தள்ள வேண்டும்.

சாயம் போவதையே பெருமையாக விற்ற காலமும் உண்டு. சென்னையிலிருந்து போன கட்டம் போட்ட ‘மெட்ராஸ்’ துணி 1960களில் அமெரிக்காவில் ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரில் ஓடியது. துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுச் சாயல் எடுப்பதையே விளம்பரமாக்கினார்கள். சாயம் போகும் என்று சொல்லி விற்றார்கள், தெரிந்து வாங்கினார்கள். அதில் குறை இல்லை. இன்றைக்கும் கைத்தறிக் கடையில் ‘இது முதல் இரண்டு அலசலுக்குச் சாயம் விடும்’ என்று சொல்லிக் கொடுப்பவரை நான் மதிக்கிறேன்.

கடையில் ஐயம் வந்தால் வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து, உடையின் உள் தையல் மடிப்பில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் வீட்டு வாளியிலும் ஏறும். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக உண்டு. சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை இருக்கிறது, உண்மைதான். ஏற்றி முடித்த துணியில் சரியாகப் பிடிக்காத சாயத்தை அது கட்டிப்போடாது. பக்கத்துத் துணியில் கறை ஏறிவிட்டதா? அதைக் காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே தனியாக எடுத்துச் சோப்புப் போட்டு அலசிவிடுங்கள். காய்ந்து இஸ்திரியும் போட்டுவிட்டால் போக்குவது கடினம்.

குட்டிக் குட்டி உருண்டையாகப் பிசிறு பிடிக்கிறது

அக்குளிலும், பை உரசும் இடுப்பிலும்தான் முதலில் வரும். நாடாவைப் பாருங்கள், பெரும்பாலும் காட்டனும் பாலியஸ்டரும் கலந்திருக்கும். வெறும் காட்டனிலும் பிசிறு கிளம்பும், ஆனால் உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் நார் பலமானது. உருண்டையை அறுந்து விழவிடாமல் துணியோடு பிடித்து வைத்திருக்கும்.

வாங்கும்போது இரண்டு சொற்களைத் தேடலாம். ஒன்று ‘கோம்ப்டு’. நூற்பாலையில் சீவி, குட்டை நார்களைக் கழித்த நூல் என்று பொருள். அது வழவழப்பாக இருக்கும், விலையும் கூடும். மற்றொன்று ‘பயோவாஷ்’. நொதியால் துணியின் மேற்பிசிறைத் தின்னக் கொடுத்து எடுத்தது. ஜி.எஸ்.எம். எண்ணும் அட்டையில் இருக்கும், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். 140 என்றால் மெல்லிசு, 180 நடுத்தரம், 220 கனம். கனமாக இருப்பதாலேயே பிசிறு பிடிக்காது என்று எண்ண வேண்டாம். நூலின் தரம் வேறு, துணியின் எடை வேறு. சென்னை வெயிலுக்கு 220 ஜி.எஸ்.எம். டி-ஷர்ட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

போட்டால் புழுங்குகிறது, மாலையில் வாடை அடிக்கிறது

இந்தத் தொல்லைக்கு லேபிளைப் போல் நேராகப் பதில் சொல்வது வேறெதுவும் இல்லை. பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். விஸ்கோஸ் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. வேர்வை போக இடமில்லாமல் தோலில் நிற்கும். வேர்வையின் எண்ணெய்ப் பசை பாலியஸ்டரில் ஒட்டிக்கொள்வதால் துவைத்தபிறகும் பழைய வாடை கிளம்பும்.

சதவீதம் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. போடாத இடத்தில் வியாபாரிகளின் சுருக்கெழுத்து உதவும். பி.சி. என்றால் பாலியஸ்டர்-காட்டன். பி.வி. என்றால் பாலியஸ்டர்-விஸ்கோஸ். சி.வி.சி. என்றால் அதிலும் கலப்பு உண்டு, ஆனால் பாதிக்கு மேல் காட்டன். ‘காட்டன் ரிச்’ என்பதும் கலப்புதான். ‘காட்டன் ஃபீல்’, ‘காட்டன் டச்’ என்றால் தொட்டால் காட்டன் மாதிரி இருக்கும் என்று மட்டுமே சொல்கிறார்கள். ஒரு நூல்கூடப் பருத்தியாக இல்லாமல் இருக்கலாம். ‘லினன் பிளெண்ட்’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டுவிட்டு நாடாவில் லினன் 15 சதவீதம் என்று இருக்கிற சட்டைகளும் தொங்குகின்றன. லினன் விலை கேட்டால் லினன் சதவீதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பகுதி, மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து நூலாக்கிய விஸ்கோஸ்தான். அமெரிக்காவில் வணிக ஆணையம் 2009லேயே இப்படி விற்ற நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. உடுத்தச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ரேயானுக்குச் சொன்ன பராமரிப்பு அத்தனையும் இதற்கும் உண்டு, விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

பள்ளிச் சீருடைக்காக மனம் பொறுக்காமல் ஒரு சொல். கசங்காது, சீக்கிரம் காயும் என்பதற்காகப் பாலியஸ்டர் மிகுந்த துணியையே பல பள்ளிகள் எடுக்கின்றன. அதை ஒரு குழந்தை மே மாத வெயிலை ஒட்டிய நாட்களில், மின்விசிறி சுற்றாத வகுப்பில் ஏழெட்டு மணி நேரம் போட்டிருக்கிறது. துணியாக வாங்கித் தைப்பதானால் கரையோரத்தில் அச்சிட்ட கலப்பு விகிதத்தைப் படியுங்கள். ஒரே நிறத்தில் காட்டன் கூடிய ரகம் கிடைத்தால் இஸ்திரி வேலை கூடினாலும் அதையே எடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கவும் வேண்டும்.

விளையாட்டு உடை இதில் சேராது. ஓடும்போது வேர்வையைத் தோலிலிருந்து வெளிப்பக்கம் கடத்துவதற்கென்றே பின்னிய பாலியஸ்டர் அது. அந்த ஒரு மணி நேரத்துக்கு நல்லது.

கழுத்தில் அரிப்பு, குழந்தைக்குத் தடிப்பு

முதல் காரணம் அந்த லேபிளேயாக இருக்கலாம், நைலான் லேபிளாக இருந்தால் அதன் வெட்டிய முனை உராயும். கத்தரிக்கும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு துவைக்கும் முறைக்கு அதுதான் துணை. ‘ரிங்கிள் ஃப்ரீ’ என்ற சட்டையில் கசங்காமலிருக்கப் பிசின் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பிசின்களில் பல ஃபார்மால்டிஹைடு வழி வந்தவை. ஒருமுறை அலசாமல் போடக் கூடாது. கைக்குழந்தை உடையில் ‘ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100’ என்றிருந்தால் தீங்கான ரசாயனங்களுக்குச் சோதித்தது என்று பொருள், ஆர்கானிக் என்று பொருள் அல்ல. ஆர்கானிக்குக்கு ‘கோட்ஸ்’ முத்திரை. அதில் ‘ஆர்கானிக்’ என்று மட்டும் இருந்தால் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் நார். ‘மேடு வித் ஆர்கானிக்’ என்றால் 70 சதவீதம் போதும்.

பட்டு என்று வாங்கியது பட்டுதானா என்ற ஐயம்

இங்கே நிதானமாகப் படியுங்கள், தொகை பெரியது.

முதலில் பெயர்கள். ‘ஆர்ட் சில்க்’ என்றால் செயற்கைப் பட்டு. ‘செமி சில்க்’ என்றால் கலப்பு. எவ்வளவு கலப்பு என்பதை அந்தச் சொல் சொல்லாது. ‘சாஃப்ட் சில்க்’ தான் அதிகம் குழப்புவது. சிறுமுகையில் நெய்யும் சாஃப்ட் சில்க் அசல் பட்டு நூலில் வருகிறது. அதே பெயரில் பாலியஸ்டர் புடவையும் விற்கிறது. ஆக, இந்தப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முத்திரைக்கு வருவோம். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004ல் வந்தது சில்க் மார்க். ஹாலோகிராமும் தனி எண்ணும் உள்ள சீட்டு புடவையோடு இணைந்திருக்கும். கடை வாசலில் சில்க் மார்க் பலகை இருப்பது போதாது. அந்தக் கடை செயற்கைப் பட்டும் விற்கலாம். நீங்கள் எடுத்த அந்தப் புடவையில் சீட்டு இருக்கிறதா என்பதே கேள்வி.

சீட்டு இருந்தாலும் அது எதற்கு உத்தரவாதம் என்று தெரிந்திருக்க வேண்டும். நூல் இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டும். ஜரிகை அசலா என்பதற்கு அது பொறுப்பில்லை. கைத்தறியா விசைத்தறியா என்பதையும் சொல்லாது; அதற்கு 2006ல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனியாக உண்டு. காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் என்ற ஊர்ப் பெயர்களுக்குப் புவிசார் குறியீடு தனி. முழுப் பணம் கொடுக்கும்போது பட்டு, தறி, ஜரிகை மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ‘புடவை – 1’ என்று எழுதிய பில் பின்னால் எதற்கும் உதவாது.

அசல் ஜரிகையில் நடுவில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல், அதன்மேல் வெள்ளித் தகடு சுற்றி, பொன் முலாம் பூசியிருக்கும். பிரிந்த ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புத் தெரியும். வெள்ளையோ வேறு நிறமோ தெரிந்தால் ஐயப்படுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் புடவையைச் சோதிக்க, முந்தானை ஓரத்துக் குஞ்சத்திலிருந்து இரண்டு மூன்று நூலை வெட்டுங்கள். அது பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல். பாவில் பட்டும் ஊடையில் பாலியஸ்டரும் போட்டு நெய்பவர்கள் இருப்பதால், குறுக்கே ஓடும் அந்த ஊடை நூலையும் ஓரத்திலிருந்து உருவிக்கொள்ள வேண்டும். எவர்சில்வர் தட்டுக்கு மேலே இடுக்கியால் பிடித்து, இரண்டையும் தனித்தனியே தீயில் காட்டுங்கள். பட்டு மெதுவாகக் கருகும், தலைமுடி பொசுங்கும் வாடை வரும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் நசுக்க முடியாத கடின மணியாக நிற்கும். காகிதம் எரிகிற வாடையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது ரேயான்.

துவைக்கும்போது வந்த சேதம் என்றால், பிளீச் போடலாமா என்று சொல்லும் முக்கோணப் படத்தை லேபிளில் பாருங்கள். பட்டில் அது குறுக்கே அடித்திருக்கும். குளோரின் பிளீச் பட்டு நாரையே கரைத்துவிடும்.

அதே 40தான், ஆனால் பத்தவில்லை

கழுத்துப் பட்டியில் இருக்கும் எண் எதை அளந்த எண் என்று யாரும் சொல்வதில்லை. நம்மூர்ச் சட்டைகளில் 38, 40, 42 என்பது பெரும்பாலும் மார்பளவு, அங்குலத்தில். பெரிய பிராண்டுகளின் ஆபீஸ் சட்டைகளில் 39, 40, 42 என்பது காலர் அளவு, சென்டிமீட்டரில். 40 செ.மீ. காலர் என்றால் பதினைந்தே முக்கால் அங்குலக் கழுத்து. இரண்டு 40க்கும் சம்பந்தமே இல்லை. ஆண்கள் பனியனில் 85, 90, 95 என்பது மார்பளவு, இதுவும் சென்டிமீட்டர்.

‘டு ஃபிட் செஸ்ட் 102 செ.மீ.’ என்று நாடாவில் இருந்தால் அது உங்கள் உடம்பின் அளவு, சட்டையின் அளவு அல்ல. சட்டை அதைவிடப் பெரிதாக இருக்கும். எவ்வளவு பெரிது என்பதுதான் ‘ஸ்லிம்’, ‘ரெகுலர்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. நம் உடல்வாகுக்கென்று பொதுவான அளவுப் பட்டியல் இல்லாமல் கம்பெனிக்குக் கம்பெனி வெளிநாட்டு அளவுகளைத் தழுவியதே இந்தக் குழப்பத்துக்கு வேர். அதைச் சரிசெய்யத்தான் ஆடை வடிவமைப்புக் கல்வி தரும் மத்திய அரசின் நிஃப்ட் நிறுவனம் ‘இந்தியா சைஸ்’ என்ற பெயரில் நாடு முழுவதும் ஆட்களை அளக்கும் வேலையை எடுத்தது.

நம்பகமான வழி இதுதான். உங்களுக்குப் பாந்தமாக இருக்கிற சட்டையைப் பொத்தான் போட்டு மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோள், நீளம் இரண்டையும் அளந்து போனில் எழுதி வையுங்கள். இன்டர்நெட்டில் வாங்கும்போது ‘கார்மென்ட் மெஷர்மென்ட்’ என்ற அட்டவணையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

குழந்தை உடையில் ‘4-5 வயது’ என்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள உயரத்தைப் பாருங்கள். புடவையில் 6.30 மீட்டர் என்றிருந்தால் ரவிக்கைத் துண்டு 80 செ.மீ. போக ஐந்தரை மீட்டர்தான் கட்ட நிற்கும். எட்டு முழ வேட்டி என்று எல்லாரும் சொன்னாலும் சீட்டில் 3.60 என்றும் 3.80 என்றும் வரும். இடுப்பு பெருத்தவருக்கு அந்த 20 செ.மீ. வேண்டும். அதே சீட்டில் ‘100 கவுண்ட்’ என்பது நூலின் மென்மைக் கணக்கு. ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டம் (நூல் கட்டு) எத்தனை வருகிறதோ அதுதான் கவுண்ட். எண் கூடக் கூட நூல் மெல்லிசு.

இஸ்திரி போட்டதும் பளபளத்துவிட்டது, ஒட்டிக்கொண்டது

பாலியஸ்டரும் நைலானும் சூட்டில் இளகும். இஸ்திரிப் படத்துக்குள் இருக்கும் புள்ளிகளே சூட்டின் அளவு: ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. கலப்புத் துணியில் சூடு தாங்காத நாருக்கு ஏற்றபடிதான் வைக்க வேண்டும். கரிப்பெட்டி வைத்துத் தேய்ப்பவரிடம் கொடுக்கும்போது ‘இது பாலியஸ்டர் அண்ணே, சூடு கம்மியா’ என்று சொல்லியே கொடுங்கள்; அவர் எல்லா நாடாவையும் தேடிப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

மற்றப் படங்களையும் சொல்லிவிடுகிறேன். தொட்டி என்றால் துவைப்பது. உள்ளே இருக்கும் எண் தாங்கும் சூடு, கை இருந்தால் கையால் மட்டும், அடியில் கோடு இருந்தால் மெஷினில் மென்மையான சுற்று. சதுரம் என்றால் உலர்த்துவது. மேல் மூலையில் சாய்ந்த கோடு இருந்தால் நிழலில். தனி வட்டம் ட்ரை கிளீனிங். 600 ரூபாய் டாப்ஸில் தொட்டி குறுக்கே அடித்து வட்டம் மட்டும் இருந்தால் திருப்பி மாட்டிவிட்டு வாருங்கள். சில தடவை ட்ரை கிளீனிங் கொடுத்தாலே உடையின் விலை போய்விடும்.

பில்லில் விலை கூடியிருக்கிறது

அட்டையில் எம்.ஆர்.பி. என்று அச்சிட்ட விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்குமேல் ஜி.எஸ்.டி. கேட்கக் கூடாது. எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி கொடுத்துவிட்டு, அந்தத் தள்ளுபடி விலைமேல் வரியைத் தனியாக ஏற்றுவதும் முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017ல் சொல்லியிருக்கிறது. எம்.ஆர்.பி.யின்மேல் கடைக்காரர் தன் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தால் ஓரத்தை உரித்துப் பாருங்கள். கல்லாவில் கேட்டும் சரிசெய்யாவிட்டால் அட்டை, நாடா, பில் மூன்றையும் படமெடுத்துக்கொண்டு 1915க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. புகார் முடியும்வரை அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம்.